பெனால்டிப் புள்ளிக்கு இரண்டடி தள்ளி

உலகிலேயே பெரியது எது என்று
பேருந்தில் வந்திறங்கும் பயணிகள் வாதாடுவார்கள்.
பியோங்யாங் என்பான் ஒருவன், கைபேசியை நீட்டி.
பார்சிலோனா, மெக்சிகோ என்று
ஏலத்தில் கேட்பதுபோல்
எண்ணை ஏற்றிக்கொண்டே போவார்கள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
என் கையில் ஈரப் பனியன்கள் இருக்கும்.

ப்ராக் நகரத்துக்கு மேலே, ஸ்ட்ராஹோவ் குன்றில்
இரண்டு லட்சம் பேர் கூடிய இடம் இது.
இன்று சனிக்கிழமை,
பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டம்.
பார்க்க வந்தவர்கள் ஏழு பேர்.
ஒரு நாய்.
நாய்க்குத்தான் ஆட்டத்தில் அக்கறை.

பாத்தி கட்டியதுபோல்
உள்ளே பிரித்துப் போட்ட களங்கள்.
நான்காம் களத்து விசிலுக்கு
ஐந்தாம் களத்துப் பையன்கள் நின்றுவிடுவார்கள்.

பனியன் துவைப்பேன், மூலைக்கொடி நடுவேன்,
மேலே பறந்துபோன பந்தைத்
தேடி எடுத்து வருவேன்.
சம்பளச் சீட்டில் ஒரே வரி:
த்ரஹோமீரா ஸ்கோபலோவா, பொதுப்பணி.

இரண்டு லட்சம் இடத்தில் ஒரு பந்து.
தேடிப் பாருங்கள்.
காங்கிரீட் வெடிப்பில் முளைத்த பிர்ச் மரம்
ஒரு பலகையை எண்ணோடு தூக்கிப் பிடித்திருக்கிறது.
கிழக்குப் படிகளில் இதுவரை கிடைத்தவை:
துருவேறிய சோடா மூடிகள்,
ஒற்றை வெள்ளைக் கையுறை,
சுவரில் பென்சிலால் எழுதி, மழை பாதி தின்ற
ஒரு தொலைபேசி எண்.
மீதியை ஊகித்து ஒருநாள் அழைத்துப் பார்த்தேன்.
பல் மருத்துவர்.

எண்பத்தைந்தில் எனக்கும் இங்கே ஓர் இடம் இருந்தது.
கீழே, தரையில்,
சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குறி.
நூற்றுப் பதினாலாம் வரிசை, ஒன்பதாவது.
பதினேழு வயது.
ஒரே நிற உடையில் ஆயிரமாயிரம் பேர்.
ஒலிபெருக்கி எண்ணும், குனிவோம்.
எண்ணும், நிமிர்வோம்.
மழை. கணுக்கால் வரை சேறு.
ஒருத்திகூட வழுக்கவில்லை என்று
மறுநாள் செய்தித்தாள் எழுதியது.

நான் வழுக்கினேன்.
இரண்டு லட்சம் பேர் முன்னால் வழுக்கினேன்.
ஒருவரும் பார்க்கவில்லை.

போன வருடம் கயிறு பிடித்து அளந்தேன்.
என் குறி இருந்த இடத்துக்கு
இரண்டடி பக்கத்தில்
ஐந்தாம் களத்தின் பெனால்டிப் புள்ளி.
சரியாக அதே இடமாக இருந்திருந்தால்
யாரிடமாவது கதையாகச் சொல்லியிருக்கலாம்.
இரண்டடி தள்ளிப் போய்விட்டது.

இன்று அங்கே ஒரு பெனால்டி.
அடித்தவன் பெயர் க்விடோ.
பந்து கோலுக்கு மேலே,
பின்வலைக்கும் மேலே போய்
பிர்ச் இலைகளுக்குள் மறைந்தது.
பயிற்சியாளர் தன் ஷூ நாடாவை அவிழ்த்து
மறுபடி கட்டினார்.

நான் ஏறிப் போனபோது
க்விடோ முன்பே அங்கிருந்தான்.
பந்தைத் தேட வந்ததாகச் சொன்னான்.
கண்ணைத் துடைத்ததில்
கன்னமெல்லாம் கோட்டுச் சுண்ணாம்பு.

"எத்தனை பேர் பாத்தாங்க?"
"ஏழு. அப்புறம் ஒரு நாய்."
"இங்க நெறைய பேர் உக்காரலாம் போல."
"உக்காரலாம்."
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"கழிப்பறை எங்க?"

இத்தனை பேருக்குக் கட்டியதில்
இன்று பூட்டாமல் இருப்பது ஒன்று.
அதுவும் மேற்குக் கோடியில்.
இவன் கால்மேல் கால் பின்னி நிற்கிறான்.
என் இடுப்புச் சாவிக்கொத்தில் உள்ள
முப்பது சாவியும் அதற்கு உதவாது.
மரத்தைக் காட்டிவிட்டு
திரும்பி நின்றுகொண்டேன்.
கீழே நாய் குரைத்தது.
கொஞ்சம் பொறுத்து
எதிர்ப்பக்கப் படிகளிலிருந்து இன்னொரு நாய்,
அதே குரலில்.

பந்து அறுபத்திரண்டாம் எண் பலகையில்
டிக்கெட் எடுத்தவர்போல் உட்கார்ந்திருந்தது.
"ஒதைக்கவா?" என்றான்.
கை காட்டினேன்.

படி படியாகக் குதித்து இறங்கி,
வேலியில் பட்டு, திசை மாறி,
மூன்றாம் களத்துக்குள் உருண்டது.
அங்கிருந்த பையன்கள்
தங்கள் பந்தை விட்டுவிட்டு
இதை ஆடத் தொடங்கினார்கள்.