மதகடி

நிலாவெளி பஸ்ஸில் நான் கொண்டக்டர்,
ஒன்பது வருசம்.
எனக்குத் தெரிந்த எல்லையெல்லாம் ரூபாயில்தான்.
இந்த மதகைத் தாண்டினால்
டிக்கட்டில் எட்டு ரூபா ஏறும்.

ஒரு பக்கம் உப்புவெளி.
மறுபக்கம் அலஸ்தோட்டம்.
நடுவில் ஒரு கொங்கிறீட் குழாய், ரெண்டு கட்டு,
கட்டில் எப்போதும் நாலைந்து பெடியள்,
கால்களை அவரவர் ஊர்ப் பக்கம் தொங்கவிட்டபடி.

"தோட்டமாம் தோட்டம்,
ஒரு கத்தரிக் கண்டு காட்டடா பாப்பம்"
என்பான் உப்புவெளித் துவாரகன்.
"பேரிலயே உப்பை வச்சுக்கொண்டு
எங்கட கிணத்துக்கெல்லோ தண்ணிக்கு வாறியள்"
என்பான் எட்வின்.
சொல்லிவிட்டு ஒரே சோடாவை
மாறி மாறிக் குடிப்பார்கள்.
வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுப்பது யாரென்று
அடுத்த சண்டை.

பஸ் தரிப்பிடமும் ரெண்டு.
முதலாவதை வெயிலுக்காகக் கட்டினார்கள்,
ரெண்டாவதை முதலாவதுக்காக.
றம்ஸீன் அண்ணன் ரெண்டிலும் பிரேக் போடுவார்.
ஒருநாள் ஒன்றை மறந்துவிட்டார்;
ஒரு கிழமை அந்த ஊரில் யாரும்
அவருக்குத் தேத்தண்ணி விற்கவில்லை.

ஞானசீலியக்காவின் வீடு மதகோடு ஒட்டினது.
குசினி உப்புவெளி, படுக்கிற அறை அலஸ்தோட்டம் என்று
கிராம சேவகர்கள் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.
வெள்ள நிவாரணம் வந்தபோது
இருவருமே அவவை
மற்றவரின் பட்டியலில் தேடினார்கள்.
"அப்ப நான் விறாந்தையிலயே இருக்கிறன்" என்றாவாம்.

இனி அந்தப் பந்து.

நாலு வருசத்துக்கு முந்தின சித்திரை.
கடைசிப் பந்து, ஐந்து ஓட்டம் வேணும்.
எல்லை எதுவென்று காலையிலேயே பேசியாயிற்று:
மதகு.
தாண்டினால் ஆறு, தாண்டாவிட்டால் நாலு.
துவாரகன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினான்.
டேப் சுத்தின பந்து சவுக்குகளுக்கு மேலால் போய்
மதகடியில் விழுந்ததை எல்லாரும் கண்டார்கள்.
இந்தப் பக்கம் விழக் கண்டவர்கள் அரைவாசி,
அந்தப் பக்கம் விழக் கண்டவர்கள் அரைவாசி.
இருட்டும்வரை தேடினார்கள், ஒரே டோச்சால்.
கிண்ணம் ஞானசீலியக்காவின் விறாந்தைக்குப் போயிற்று.
இப்போது அதில் சீனி இருக்கிறது.

போன மார்கழி மழையில்
குழாய் அடைத்து றோட்டுக்கு மேலால் தண்ணி.
மதகில் ஏறினவுடன் எஞ்சின் நின்றுவிட்டது.
ரெண்டு ஊரும் மண்வெட்டியோடு வந்தது,
குப்பை யாருடையது என்ற வழக்கோடும்தான்.
எட்வின் தோள்வரை கையை விட்டு இழுக்க இழுக்க
துவாரகன் பைகளில் கடைப்பேரை வாசித்தான்:
"உங்கட. உங்கட. உங்கட.
இது... சரி, விடு."
ஒற்றைச் செருப்பு. தேங்காய் மட்டை.
பிறகு, கறுப்பு டேப் உரிந்து தொங்க,
ஊதிப் பெருத்து,
அது.

மழை மட்டும் கதைத்தது கொஞ்ச நேரம்.

"எங்க கிடந்தது?"
"நடுவில."
"நடுவெண்டா, எந்தப் பக்கத்து நடு?"
"தண்ணி இழுத்துக்கொண்டு வந்திருக்கும்."
"எங்கயிருந்து?"
அடைப்பு எடுபட்டுக் குழாய் இரைந்ததை
ஒருவரும் கவனிக்கவில்லை.
என்னைக் கூப்பிட்டார்கள், மூன்றாம் ஆளாம்,
சாம்பல்தீவான், நீதி சொல்வானாம்.

நான் வாய் திறக்க முதல்
பின் சீற்றிலிருந்து ஒரு மனுசி,
மடியில் மீன் பை:
"தம்பி, பஸ்ஸின்ர முன்சில்லுதான் மதகைத் தாண்டினது.
நான் பின் கதவால இறங்கினா
எட்டு ரூபா திருப்பித் தருவியோ?"

துவாரகனும் எட்வினும்
பந்தை விட்டுவிட்டு
சில்லைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள்.