பதினேழு

தஞ்சாவூர் சர்வரில் நேற்று மாலையே
பதினேழைப் பத்தொன்பது ஆக்கிவிட்டார்கள்.
ஈரப்பதம், ஒற்றை வரி.

பேரளம் கொள்முதல் நிலையக் கணினிக்கு
அது தெரியாது.
தன்னிடமிருந்த பழைய கோப்பைப் படித்து
பதினெட்டரை நெல்லைத் திருப்பியனுப்பியது,
பிழைச்செய்தி ஏதுமின்றி.

தார்ப்பாய் போதாத குவியலருகே
பனியில் குந்தியிருந்த ஜெமீலா கேட்டாள்:
“மேல பத்தொம்பது தொறந்துட்டாங்களாமே,
கடமடைக்கு எப்ப வரும்?”

வந்தது. என் பைக்கில், இரவு ஒன்றரைக்கு.
கோப்பைத் திறந்தால்
உச்சியில் எவனோ எழுதிய குறிப்பு:
‘இதைக் கையால் திருத்தாதீர்கள்.’
அடியில் போன வருடத் தேதி,
என் இனிஷியல்.

திருத்தினேன். சேமித்தேன்.
சேவையை நிறுத்தி மறுபடி கிளப்பினேன்.
பச்சை விளக்கு.

விடிந்ததும் ஜெமீலா
முதல் ஆளாக ஒரு கை நெல்லை நீட்டினாள்.
ஈரமானியில்
பத்தொன்பது புள்ளி இரண்டு.