மொளி

விரல் நுனியால் தட்டினால் பிழை.
மடக்கிய விரலின் மொளியால் தட்டலாம்.
மணல் வாலிபாலின் சட்டம் அது.
அந்த மொளியில்தான் ஒரு கோடை முழுவதும்
நான் குடியிருந்தேன்.

பீல் ஏரிக்கரை, வேலை முடிந்த மாலைகள்.
எம்புவேன். தோள் முழுதும் பின்னால் போகும்
வானத்தையே அறையப்போகிறவன்போல.
கண் இடப்பக்கக் கோட்டில்.
பிறகு ஒரு சின்னத் தொடுகை,
அழைப்புமணியை அமத்திவிட்டு ஓடும் பொடியன் மாதிரி.
பந்து வலைக்கு அப்பால் பொத்தென்று.
எதிரே இரண்டு பேர்
மணல் தின்று எழும்புவார்கள்.

ஜூன் முழுக்க வென்றோம்.
மயூரதன் மட்டும் கை தட்டவில்லை.
கடிகாரத் தொழிற்சாலையில் பகலெல்லாம்
ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டி
எள்ளிலும் சிறிய திருகாணிகளோடு இருப்பவன்.
"நீ ஒருக்காலும் அடிக்கிறேல்லையே மச்சான்"
என்றான், தண்ணீர்ப் போத்தலை மூடியபடி.
"வெல்லுறம்தானே" என்றேன்.

இந்த ஊருக்கு இரண்டு மொழி.
டொச்சில் வேற்றுமை உருபு இடறினால்
பிரெஞ்சுக்குத் தாவுவேன்.
பிரெஞ்சில் வினைச்சொல் வழுக்கினால்
ஒரு "கெனாவ்", ஒரு சிரிப்பு, திரும்பவும் டொச்.
பதினொரு வருடம் ஒருவரும் பிடிக்கவில்லை.
பிடித்திருப்பார்கள். சொல்லவில்லை.

வெரேனா விடவில்லை.
பஸ் ஓட்டுகிறவள்,
ஐம்பதை நெருங்கும் வயது, வலது முழங்காலில் பட்டி.
என் கண்ணை அவள் பார்க்கவேயில்லை.
திரும்பப்போவதாக விளக்கு மினுக்கும் காரை நம்பாமல்
அதன் முன்சில்லைப் பார்த்துப் பழகியவள்
என் முழங்கையைப் பார்த்தாள்.
நான் தட்டுமுன்னே இரண்டு எட்டு வைத்து
அங்கே வந்து நின்றாள்,
தரிப்பிடத்தில், நேரத்துக்கு.
ஒருமுறை. மூன்றுமுறை. ஏழு.
அன்று வடகிழக்குக் குளிர்காற்று வேறு,
என் மெல்லிய பந்துகளை வலைக்கே திருப்பிக் கொடுத்தது.
இருபத்தொன்றுக்கு எட்டு.
போகும்போது கை தந்தாள்,
மணல் ஒட்டிய, சூடான கை.

பிறகு செப்டம்பர், ஆளில்லாத ஞாயிறுகள்.
மயூரதன் எறிந்தான், நான் எடுத்தேன்.
இரண்டு முன்னங்கையும் ஒரு பலகையாக,
ஆட்டாமல். ஆட்டாமல் இருப்பதுதான் சீவன் போகிற வேலை.
கால் போய்ச் சேரவேண்டும், கை காத்திருக்கவேண்டும்.
நூற்றுநாற்பதாவது பந்தில் எனக்கு அழுகை வந்தது,
ஏனென்று தெரியாது; மணல் என்று சொன்னேன்.
முன்னங்கையில் சிவப்புப் புள்ளிகள்.
வேலையிடத்தில் பெட்டி தூக்கும்போது
அலர்ஜியா என்று கேட்டார்கள்.
புதன் இரவுகளில் ஒரு வகுப்பு.
டேர், டென், டேம். டேர், டென், டேம்.
சூடானியப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே பிழைகள்.

மே மாதம் திரும்பவும் அவர்கள்.
அடித்தேன். வெளியே.
அடித்தேன். ஏரியை நோக்கிப் போனது,
ஒரு வாத்து இடம் மாறி உட்கார்ந்தது.
ஆறாவது, கோட்டின் நாடாவிலே விழுந்தது, ஓசையோடு.
மயூரதன் ஒன்றும் சொல்லாமல்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன்:
வெரேனா ஓர் எட்டுப் பின்னால் நிற்கிறாள்.
வலையடியில் ஒரு பாய் விரிக்கிற அளவு வெறும் மணல்.
போன கோடையிலும் அதே மணல்தான்.
அடிக்கத் தெரிந்தவனின் பொய்யைத்தான்
ஆட்கள் நம்புகிறார்கள் போலும்.
மொளியால் தொட்டேன்.
அவள் அசையவில்லை, சிரித்தாள்.

அந்த ஒன்று மட்டும்தான். பத்தொன்பதில் தோற்றோம்.

செருப்பைத் தேடும்போது
வெரேனா பேர்ண் பேச்சில் ஏதோ நீளமாகக் கேட்டாள்.
"கெனாவ்" வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.
காலம் எடுத்து, ஒவ்வொரு உருபாக வைத்து,
குளிர்காலம் முழுக்க எங்கே பழகினேனென்று சொன்னேன்.
அவள் காத்திருந்தாள்.
வினைச்சொல் கடைசியில்,
தமிழில் வருவதுபோலவே,
வந்து உட்கார்ந்தது.