ஆறு மில்லிமீட்டர்

கையை விட்டால் இடப்பக்கம் போகிறது என்றார்
பேரின்பநாயகம்,
கராஜ் வாசலில் பூட்ஸின் பனியைத் தட்டிக்கொண்டு,
யாரோ மூன்றாம் மனிதரின் நோயைச் சொல்வதுபோல.

எஸ்பனோலாவிலிருந்து சட்பரிக்கு
இரவில் இரத்தக் குப்பிகள் கொண்டுவருபவர்.
டிசம்பரில், பதினேழாம் நெடுஞ்சாலையில்,
கண்ணாடிப் பனியில் சறுக்கி
எதிர்ப்பாதையைக் கடந்து
இடப்பக்கப் பாறையில் போய் முட்டினார்.
குப்பி ஒன்றும் உடையவில்லை.
அதை இரண்டு தடவை சொன்னார்.

இன்சூரன்ஸ்காரர் காட்டிய இடத்தில் திருத்தினார்கள்.
புது பம்பர், புது விளக்கு,
பழையதைவிடப் பளபளக்கும் நீலம்.
பில்லின் கடைசி வரி: வீல் அலைன்மெண்ட், சரி.
மூன்று முறை திரும்பப் போனாராம்.
நான்காம் முறை,
விபத்துக்குப் பிறகு கைக்கு அப்படித் தோன்றும் என்றார்களாம்.
அவரும் நம்பிவிட்டார்.

முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டேன்.
இழுவை மாறவில்லை.
பிரேக் பிடித்தபடி நிற்கிறதா என்று
சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன்; குளிர்ந்துதான் இருந்தது.
ரீஜென்ட் தெருவில் ஓட்டினேன்.
மழைநீர் வடிய, இங்கே வீதிகள் வலப்பக்கம் சரிந்தவை.
விட்ட வண்டி ஓரத்துக்குத்தான் ஒதுங்கவேண்டும்.
இதுவோ மேட்டில் ஏறியது,
எதிரே வரும் லாரியைத் தேடிப் போவதுபோல.

மெஷினில் ஏற்றினால் எல்லாம் பச்சை.
பச்சையை வரவழைக்கலாம்.
நானும் வரவழைத்திருக்கிறேன்,
ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு.

ஆகவே ஒருவரும் கேட்காத கோணத்தைக் கேட்டேன்:
எந்த அச்சில் சாய்ந்து நீ திரும்புகிறாய்?
இடது ஒன்று சொன்னது, வலது வேறு.

கீழே போய் டார்ச் அடித்தேன்.
எஞ்சினைத் தாங்கும் சட்டத்தில்,
வாஷருக்கு ஒட்டினாற்போல்,
பிறை வடிவில் துருவேறாத இரும்பு.
முன்பு வாஷர் உட்கார்ந்திருந்த இடம்.
ஆறு மில்லிமீட்டர்.
பன்னிரண்டு குளிர்காலத்து உப்பும்
தொடாமல் விட்ட கீற்று.

அவரையும் வந்து பார்க்கச் சொன்னேன்.
கழுத்து நோக, வெகு நேரம் பார்த்தார்.
பிறகு என் சட்டையில் தைத்திருந்த பெயரை வாசித்து,
"கேதாரிணி," என்றார்,
"அப்ப, நானில்லை."

தளர்த்தினேன். நெம்பினேன்.
பிறையின் மேலேயே வாஷரை உட்காரவைத்து இறுக்கினேன்.
கோணங்களை முதலிலிருந்து வைத்தேன்.

இம்முறை அவரே ஓட்டினார். நான் பக்கத்தில்.
வண்டி நேராகத்தான் போனது.
கைகள் வலப்பக்கம் இழுத்தன,
ஏழு வாரம் சுமந்து பழகிய பாரத்தை
அது இல்லாத இடத்தில் தேடி.
ஓரத்துச் சரளை சக்கரத்தில் கரகரத்தது.

"கையை விடுங்கோ" என்றேன்.
விடவில்லை.
ஒரு விரலை எடுத்தார்.
தயங்கி, இன்னொன்று.
கெல்லி லேக் வீதி முடிவதற்குள்
ஏழு விரல்கள் ஆயிற்று.