இடது காலுக்கு மட்டும்

ஜூனில் எங்கள் பக்கம் இரவு வருவதில்லை.
வருவதுபோல் வாசல்வரை வந்து
எதையோ மறந்த மாதிரி திரும்பிவிடும்.
மணி இரண்டரை.
சமையலறை ஜன்னலில் நிற்கிறேன்,
கையில் ஆறிய காப்பி.
நரி முகத்தில் விழிப்பதற்கு
முதலில் தூங்கியிருக்க வேண்டும்.

ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால் புல் விலகுகிறது.
காதுகள்.
வெகுநேரம் காதுகள் மட்டுமே.
பிறகுதான் மீதி நரி.

பெண். குளிர்கால ரோமம் பாதி உதிர்ந்து
கிழிந்த மெத்தைபோல் தொடையில் தொங்குகிறது.
விலாவை எண்ணலாம். காம்புகள் தெரிகின்றன.
காலண்டரில் பனிமேல் உட்கார்ந்திருக்கிற நரி இல்லை இது,
வேலைக்குப் போகிற நரி.

உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒரு செடியும் சாயாமல் நடந்து
சவுனாப் படிக்கு வருகிறது.
என் ரப்பர் செருப்பு இரண்டையும் முகர்கிறது.
சந்தையில் வெள்ளரிக்காய் பொறுக்குகிற நிதானம்.
இடதைக் கவ்வுகிறது.

என்னைப் பார்த்தது.
அப்படிச் சொல்லக் கூடாது.
ஜன்னலைப் பார்த்தது.
ஜன்னலில் நான் இருந்தேன்.

இந்த மாதத்தில் மூன்றாவது. மூன்றும் இடது.
நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன என்று
இருந்துவிட முடியவில்லை.
படியில் வலது கால்கள் வரிசையாக நிற்கின்றன,
யாரோ மூன்று பேர்
ஒற்றைக் காலால் உள்ளே போய்விட்டதுபோல.

வேலியைத் தாண்டியது.
வேலி என்றால், எண்டெலும் நானும்
ஆறு வருடமாகப் பேசாத இடம்.
ஒரு பிர்ச் மரம்தான். என்னுடையது என்றார்.
என்னுடையது என்றேன்.
வோருவிலிருந்து சர்வேயர் வந்து சேர்ந்தபோது
மரம் அவர் அடுப்பில் எரிந்து முடிந்திருந்தது.
அன்றுமுதல் அவர் கடைக்குப் போவது வியாழன், நான் வெள்ளி.
பஸ் நிறுத்தத்தில் சந்திக்க நேர்ந்தால்
ஆளுக்கொரு திசையைப் பார்ப்போம்,
பஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்று
இருவருக்கும் தெரிந்திருந்தும்.

நரிக்கு இந்த வழக்கு தெரியாது.
கம்பிக்கடியில் வயிற்றைத் தேய்த்து நுழைந்து,
நுனியில் செருப்பு ஆட,
அவர் விறகடுக்கின் பின்னால் மறைந்தது.

ஜூலையில் காட்டு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனபோது
பழைய கூட்டுப் பண்ணையின் இடிந்த கொட்டகை ஓரம்
வளையைக் கண்டேன். குட்டிகள் கிளம்பிப் போயிருந்தன.
வாசலில் மண்ணும் எலும்பும் எச்சமும், நடுவே
என் செருப்பு ஒன்று, பல்லால் விளிம்பு தைத்தது;
ஒரு குழந்தையின் சாண்டல்; தோட்டக் கையுறை;
பிறகு ஒரு கருப்புக் காலோஷ்,
உள்ளே வெள்ளைப் பெயின்டில் எ. கா.

மழைச் செருப்பில்கூடப் பெயர் எழுதுகிற மனிதர்
இந்த ஊரில் ஒருவர்தான்.
நாற்பத்தாறாம் எண்.
அவ்வளவு பெரிய கால் அவருக்கு என்று
ஆறு வருடத்தில் மறந்திருந்தேன்.

கொண்டுவந்து வேலிக் கம்பத்தில் கவிழ்த்தேன்.
கழுவவில்லை. கழுவினால் அதற்கு வேறு அர்த்தம்.

மறுநாள் காலை அதே கம்பத்தில்
ஒரு நீலச் செருப்பு.
இடது. கழுவி, உள்ளே செய்தித்தாள் அடைத்து,
வடிவம் குலையாமல்.

புரட்டிப் பார்த்தேன்.
அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார்.
கோடரி இறங்கி நிற்கும்வரை காத்திருந்து,
தொண்டையைச் சரிசெய்து,
"இது என்னுடையது இல்லை" என்றேன்.

கிட்டே வந்து பார்த்தார்.
வாங்கிப் பார்த்தார். குதிகாலைத் தட்டினார்.
"என்னுடையதும் இல்லை" என்றார்.

அவ்வளவுதான். செருப்பு கம்பத்திலேயே இருக்கிறது.
மழை நிரம்பிய நாட்களில்
ஒரு வாலாட்டி வந்து குடிக்கிறது.
வியாழன் வியாழனாகவே இருக்கிறது, வெள்ளி வெள்ளியாக.

நரி அதன்பிறகு வரவில்லை.
வந்திருக்கவும் கூடும்.
ஆகஸ்டில் இரவு திரும்பிவிட்டது;
விளக்கைப் போட்டால்
ஜன்னலில் நான்தான் தெரிகிறேன்.