நின்றால் திட்டாத ஆட்டம்

ஃபீனிக்ஸில், மீன்கடைக்கும் சலூனுக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலத்தில் என் கடை.
பழைய கன்சோல், பழைய டிஸ்க்.
கீறல் விழுந்ததற்குத் தனி விலை.

சனிக்கிழமை வருகிறவர்கள்
ஒரே கேள்வியோடு வருகிறார்கள்:
"அஞ்சு வயசுக்கு எது நல்லா இருக்கும்?"
அட்டையில் எண் போட்டிருக்கிறது, மூன்று, ஏழு, பன்னிரண்டு என்று.
எதைப் பார்க்கக் கூடாது என்று அது சொல்லும்.
எதற்குச் சிரிப்பு வரும் என்று சொல்லாது.

அதற்கு யுகனை வைத்திருக்கிறேன்.
என் மகன். சம்பளம் ஒரு பாக்கெட் சிப்ஸ்.
பந்தய ஆட்டத்தில் காரைத் திருப்பிக்கொண்டு
எதிர்ப்பக்கம் போவான்,
வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.
டிராகனைக் கொல்லச் சொன்ன ஆட்டத்தில்
முக்கால் மணி நேரம் குட்டையில் குதித்தான்.
டிராகன் காத்திருந்து காத்திருந்து
கொட்டாவி விட்டது.
தண்ணீர் தெறிக்காத ஆட்டங்களை
அன்றே பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

மார்ச்சில், ஒரு மழை நாள், கோவெண்டர் வந்தார்.
டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோபர்க்குக்கு
கன்டெய்னர் இழுக்கிறவர்.
வீட்டில் தங்குவது வாரத்துக்கு ஒன்றரை நாள்.
"லாரி ஆட்டம் இருக்கா?
நான் என்ன வேலை பாக்குறேன்னு
என் தியாஷ்னிக்குக் காட்டணும்."

இரண்டு இருந்தன.
ஒன்றில் எல்லாம் நிஜம்:
கண்ணாடி, வைப்பர், டீசல் முள்,
தலைக்கு மேல் ஓடும் கடிகாரம்.
பெஞ்சில் உட்கார்ந்து அவரே ஓட்டினார்.
"வான் ரீனன் ஏத்தத்துல இந்த கியர் போட்டா
வண்டி செத்துடும்மா" என்றார்,
சந்தோஷமாக.

இன்னொன்றில் யுகன் இருந்தான்.
ஆரஞ்சு லாரி, விளக்குக்குப் பதில் இமையுள்ள கண்கள்,
பின்னால் பூசணிக்காய்.
கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.
வழியில் ஒரு மாடு.
ஹார்ன் அடித்தால் மாடு திரும்பி
அதே சுரத்தில் பதில் சொல்லும்.
பதினான்கு முறை எண்ணினேன்,
பிறகு மீன்கடைக்காரர் சில்லறை கேட்டு வந்துவிட்டார்.

"அது உங்களுக்கு, இது பொண்ணுக்கு" என்றேன்.
கேட்கவில்லை.
மாடு அப்படிக் கத்தாது என்று சொல்லிவிட்டு
நிஜத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே டிஸ்க் திரும்பி வந்தது.
"அழுதுட்டாம்மா.
லேட்டு, லேட்டுன்னு சிவப்பா எழுத்து வருது.
அவளுக்குப் படிக்கத் தெரியாது."
கொஞ்சம் நிறுத்தினார்.
"சிவப்பு தெரியுது."

மாற்றிக் கொடுத்தேன். காசு வித்தியாசம் கேட்கவில்லை.
(பொய். இருபது ராண்ட் கேட்டேன்.)

ஈஸ்டர் முடிந்து, சார்ஜர் வயர் வாங்க வந்தவர்
வயரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.
தியாஷ்னி லாரியை ஓட்டுவதில்லையாம்.
நூறடி போவாள். மரத்தடி வந்ததும் ஓரம் கட்டுவாள்.
ஒரு பொத்தான் உண்டு, எனக்கே தெரியாதது,
அழுத்தினால் லாரி கண்ணை மூடிக்கொள்கிறது.
கடிகாரம் இல்லை, சிவப்பு இல்லை,
ஆட்டம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறது.
இலை விழுகிறது. பூசணி பூசணியாகவே இருக்கிறது.
"அப்பா தூங்குறாரு" என்கிறாளாம்,
பக்கத்தில் விழித்திருக்கும் அப்பாவிடம்,
உதட்டில் விரல் வைத்து.

"அரை மணி நேரம்மா.
நிக்கிற லாரியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."
வயருக்குக் காசு கொடுக்க மறந்து போனார்.
நானும் கூப்பிடவில்லை.

மிச்சமிருந்த இன்னொரு பிரதியில்
விலைக்குக் கீழே பால்பாயின்ட்டால் எழுதினேன்:
நிறுத்தலாம்.
வாங்க வருகிறவர்கள் அது ஏதோ தள்ளுபடி என்று நினைக்கிறார்கள்.

யுகனிடம் சொன்னேன், லாரிக்குள் ஒருவர் தூங்குகிறாராம் என்று.
சிப்ஸை மெல்லுவதை நிறுத்தி யோசித்தான்.
அன்று முழுக்க, மாடு எதிரே வந்தும்
ஹார்ன் அடிக்கவில்லை.

மறுநாள் அடித்தான்.