இரண்டாம் சரணம்

நிஸ்தார் கடையில் இரண்டு ஜோடி இருந்தன.
ஒன்றின் வரைபடத்தைப் போனில் காட்டினார்:
காற்றில்லாத காலையில் காசல்ரீ நீர்த்தேக்கம்,
அப்படி ஒரு நேர்கோடு.
மற்றதன் கோடு
அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் பாதை.
"இது பொய் சொல்லாது தம்பி.
அது சொல்லும், ஆனா அழகாச் சொல்லும்.
விலை ஒண்டுதான்."

எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.
பெக்டரியில் ருசி பார்க்கும் அறையில்
பதினொரு வருடம் கோப்பை கழுவி
இப்போது நானும் உறிஞ்சிப் பார்க்கிறேன்.
சீனி இல்லை. தூள் நிறுத்துத்தான் போட வேண்டும்.
சர்ரென்று இழுத்து, நாக்கில் உருட்டி,
துப்பிவிட வேண்டும்.
கருகலா, புளிப்பா, வாட்டம் போதாதா,
எல்லாம் தெரியும்.
ஒரு மிடறும் உள்ளே போகாது.
வீட்டுக்கு வந்து பால்மாவும்
மூன்று கரண்டி சீனியும் போட்டு
டஸ்ட் தேத்தண்ணி குடிப்பேன்.
அதுதான் தேயிலை என்று
டீமேக்கரிடம் சொன்னதில்லை.

ஆகவே நான் வளைந்த கோட்டின் பக்கம்.

மரியசெல்வி பென்டிரைவை நீட்டினாள்.
அவளுடைய பாட்டு. கல்யாணத்துக்கு முந்தியது.
முதலில் வளைந்தது:
தபேலா என் வயிற்றில் வந்து உட்கார்ந்தது.
குரலில் யாரோ நெய் தடவியிருந்தார்கள்.
கால் தானே தாளம் போட
எதிர்க்கடையில் கொத்து போடும் பையன்
தகட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

பிறகு நேர்கோடு.
தபேலா சுருங்கித் தன் மூலைக்குப் போனது.
வயலின்காரர் ஒருவரின் நாற்காலி கிறீச்சிட்டது.
தாள் புரண்டது.
நான் எண்ணத் தொடங்கிவிட்டேன்,
கருகல் ஒன்று, புளிப்பு இரண்டு.

மரியசெல்வி கையைத் தூக்கினாள்.
இரண்டாம் சரணத்தில்
மேலே ஏறுகிற அந்த அடிக்குச் சற்று முன்.
"கேட்டிங்களா?"
"என்ன?"
"மூச்சு வாங்குறா."

நிஸ்தார் திரும்பப் போட்டார்.
ஆமாம்.
களவாக, அவசரமாக, ஒரு மிடறு காற்று.

"இருவது வருசமா கேக்குறேன்.
இந்தப் பொம்பள மூச்சே விடாம பாடுறான்னு
நெனச்சிக்கிட்டிருந்தேன்.
பத்தாம் நம்பர் மலையில கூடையோட ஏறயில
நாங்களும் இப்படித்தான்,
கங்காணி பாக்காத திருப்பத்துல."
கடைக்காரர் முன்னால்
அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

முப்பத்தெட்டாயிரம்.
மூன்று தவணை.

பாட்டுக்காரருக்கு லயம் என்றால் தாளம்.
எங்களுக்கு எட்டுக் காம்பரா, ஒரே தகரம்.
அலுமாரி மேல் ஒன்று, அரிசி வாளி மேல் ஒன்று.
நிஸ்தார் கீறித் தந்த முக்கோணத்தின் முனை
கட்டிலில் போய் முடிந்தது.
அங்கே மகன் தூங்கிக்கொண்டிருந்தான்,
வாய் திறந்து.

மூன்றாம் நாள் மழை பிடித்தது.
தகரத்தில் மழை விழும்போது
நேர்கோடு என்ன, வளைகோடு என்ன.
"மத்ததையே வாங்கியிருக்கலாம்,
பேஸாவது கேட்டிருக்கும்" என்றேன்.
"ஆமா" என்றார்
சுவருக்கு அந்தப் பக்கம் தேவசகாயம்.

மரியசெல்வி ஒன்றும் சொல்லவில்லை.
மலையிலிருந்து வந்த ஈரத் தலைத்துண்டோடு
அலுமாரியில் காதை வைத்து நின்றாள்.
எனக்கு மழை மட்டும்.
அவள் உதடு எங்கோ போய்க்கொண்டிருந்தது,
ஓர் இடத்தில் நின்றது,
தோள் கொஞ்சம் உயர்ந்தது.
ஒரு மிடறு எடுத்துக்கொண்டாள்.
பிறகு ஏறினாள்.

மழை விடவில்லை.
தவணை இன்னும் இரண்டு இருக்கிறது.